பதினோரு நொடி

ஒரு மாணவியின் காதிலிருந்து அவளுக்கு அரசு கொடுத்த உதவியைப் பிடுங்கினேன் என்பது என் மீதான புகார். உண்மைதான், பிடுங்கினேன். விளக்கம் கேட்டுத் துணைக்கல்வி வாரியத்திலிருந்து வந்த கடிதத்துக்கு அப்படியே ஒரு வரியில் பதில் எழுதிப் போட்டேன். தலைமையாசிரியை தலையில் அடித்துக்கொண்டார். "வருந்துகிறேன்" என்று ஒரு வார்த்தை சேர்த்தால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று கேட்டார். இருபத்தாறு வருடமாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். இல்லாத ஒன்றைக் கூட்டி எழுத எனக்கு வராது.

புகார் கொடுத்தது அந்தப் பெண்ணின் அம்மா. அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

முதலில் கிளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாரியம் அதற்கு வைத்த பெயர் 'கற்றல் துணை'. பிள்ளைகள் கிளி என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது. புளியங்கொட்டை அளவில் இருக்கும், காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். மூளை வளர்ச்சி மெதுவாக இருக்கிற பிள்ளைகளுக்கு ஒன்றாம் வகுப்பிலேயே மாட்டிவிடுவார்கள். டீச்சர் கேட்கும் கேள்வியை அதுவும் காதில் வாங்கிக்கொள்ளும். நான்கு நொடி பொறுக்கும். அதற்குள் பிள்ளை வாயைத் திறக்காவிட்டால் பதிலைக் காதுக்குள் சொல்லிவிடும். பிள்ளை அதைத் திருப்பிச் சொல்லும், பலகையில் பச்சை விளக்கு எரியும், வகுப்பே கைதட்டும். யாரும் அழ வேண்டாம், யாரும் தோற்க வேண்டாம்.

பத்தாம் வகுப்பு வரை இப்படியே ஓடும். கிளி வைத்திருக்கும் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு கிடையாது. 'நிறைவுச் சான்று' என்று ஒரு வழவழத்த அட்டையைக் கொடுப்பார்கள். அதைக் கொண்டுபோய்க் காட்டினால் வாரியத்தின் பொட்டலக் கூடத்தில் ஆயுளுக்கும் வேலை உண்டு. டப்பாவுக்கு மூடி போடும் வேலை. வேறு எந்த வாசலிலும் அந்த அட்டை செல்லாது.

நான் யோக்கியம் இல்லை. கிளி வந்த புதிதில் எல்லோரையும்விட அதிகம் சந்தோஷப்பட்டவள் நான்தான். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் மூன்று பேருக்காக நின்று நின்று போக வேண்டியதில்லை. ஜெசிந்தாவை இரண்டு வருடம் அப்படித்தான் கடந்து போயிருக்கிறேன்.

ஜெசிந்தாவுக்கு டவுன் சிண்ட்ரோம். வயது பதினாறு, பத்தாம் வகுப்பு. குட்டையான விரல்கள், தடித்த கண்ணாடி, ரிப்பன் கட்டுவதில் மட்டும் யாரும் கிட்டே வர முடியாத நேர்த்தி. அவள் அப்பா ராயப்பன் தூத்துக்குடி புறவழிச்சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறார். மீன், இறால், ஐஸ்கிரீம் என்று குளிர்பெட்டிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் எத்தனை டிகிரி காட்டுகிறது என்று மணிக்கொரு தடவை பார்த்து எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளையும் கூட்டிக்கொண்டு போவார்.

ஐப்பசி மழையில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. ஊரில் ஒரு கிளிக்கும் சார்ஜ் இல்லை. அன்று பழைய பாடமான குறை எண்களைத் திரும்ப நடத்தினேன்.

"மைனஸ் பதினெட்டு, மைனஸ் இருபத்தஞ்சு. எது பெருசு?"

வகுப்பு மொத்தமும் இருபத்தைந்து என்று கத்தியது. ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டேன். ஜெசிந்தாவையும் கேட்டேன், வழக்கத்துக்கு. அவள் எழுந்து நின்று என்னைப் பார்த்தாள். நான் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டேன். பிறகு பலகைப் பக்கம் திரும்பி, ஐந்திலிருந்து எட்டைக் கழித்தால் என்ன என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து கணீரென்று ஒரு குரல் வந்தது.

"மைனஸ் பதினெட்டு."

பிள்ளைகள் சிரித்தார்கள். "ஏட்டி, அந்தக் கேள்வி போயாச்சு. சும்மா உக்காரு" என்று நானும் அதட்டினேன். சொல்லி முடித்த பிறகுதான் அது சரியான பதில் என்பது உறைத்தது. வகுப்பில் அந்த ஒருத்திதான் சரியாகச் சொல்லியிருந்தாள். இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

"எப்படிச் சொன்ன ஜெசி?"

இந்த முறை நகரவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பதினோரு நொடி. ஒரு வகுப்பறையில் பதினோரு நொடி சத்தமில்லாமல் இருப்பது என்ன பாடு என்று வாத்தியார் வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

"மீன் பொட்டி பதினெட்டு. ஐஸ்கிரீம் பொட்டி இருபத்தஞ்சு" என்றாள். கையைத் தரைப் பக்கம் இறக்கிக் காட்டினாள். "ஐஸ்கிரீம் ரொம்பக் கீழ கெடக்கு."

மறுநாள் கரண்ட் வந்துவிட்டது, கிளியும் காதுக்கு வந்துவிட்டது. நான் கேள்வி கேட்டேன். நான்காம் நொடியில் அவள் கண் லேசாக மேலே போனது, கிளி சொன்னதை ஒப்பித்தாள், பச்சை விளக்கு எரிந்தது. அவள் முகத்தில் யோசனை ஆரம்பித்து, பாதியில் கலைந்துபோனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு வந்த கோபத்தில் நேராகப் போய்க் கிளியைப் பிய்த்து எடுத்து மேஜை டிராயரில் போட்டேன். பிறகுதான் அவளிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது. "கிளி வேணுமாட்டி?"

கடிகாரம் ஓடியது. "அது என்னயப் பேச விடாது டீச்சர்" என்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கணக்கு வகுப்பிலும் அவளே கழற்றி என் கையில் கொடுத்தாள். நானும் மற்றவர்களுக்குக் கொடுப்பதை அப்படியே அவளுக்கும் கொடுத்தேன். மெதுவாகக் கொடுத்தேன், குறைத்துக் கொடுக்கவில்லை. முதல் தேர்வில் ஐம்பதுக்கு ஏழு வாங்கினாள். ஏழு என்றே சிவப்பு மையில் போட்டேன். மறுநாள் சாயங்காலம் அவள் அம்மா வந்துவிட்டார்.

விக்டோரியா பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவர். கழுத்தில் அளவு டேப்போடு அப்படியே வந்திருந்தார். விடைத்தாளை என் மேஜையில் வைத்தார்.

"ஒம்பது வருசமா எம்பிள்ள செவப்பு மையப் பாத்தது கெடையாது டீச்சர். நேத்து ராத்திரி சோறு திங்கல, அழுதுகிட்டே கெடந்தா."

"அந்த ஏழும் அவளா வாங்குனது விக்டோரியா."

"அத வச்சு நான் என்ன செய்ய? எங்களுக்குப் பொறவு அவளுக்கு அந்தப் பொட்டலக் கூடம் ஒண்ணுதான் இருக்கு. அதுலயும் மண்ண அள்ளிப் போட்டுராதீங்க."

"ஐ.டி.ஐ.ல குளிர்சாதன மெக்கானிக் படிக்கணும்னு எங்கிட்ட சொல்லுதா. அதுக்குப் பொதுத்தேர்வு பாஸ் பண்ணின மார்க் லிஸ்ட் வேணும். என்ன படிக்கணும்னு நீங்க கேட்டீங்களா?"

"கேக்காமலா இருப்பேன். ஒண்ணும் சொல்லல அவ."

"எவ்வளவு நேரம் பொறுத்துப் பாத்தீங்க?"

கேட்டிருக்கக் கூடாது. அவர் முகம் கறுத்துவிட்டது. "பெத்தவளுக்குப் பாடம் எடுக்காதீங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு விடைத்தாளைக்கூட எடுக்காமல் போனார். மூன்றாம் நாள் புகார் வந்தது.

விசாரணை வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் ஒரு வியாழக்கிழமை காலை நடந்தது. அதிகாரி தீனதயாளன் நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஜெசிந்தாவுக்குத் தன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்தார், பிஸ்கட் கொடுத்தார். எதிரே விக்டோரியா. மூலையில் ஒரு திரையை வைத்துக்கொண்டு பர்வீன் என்ற இளம் பொறியாளர். கிளிகளைப் பராமரிக்கும் பிரிவிலிருந்து வந்திருந்தார்.

"மேடம், உங்க எண்ணத்தை நான் சந்தேகப்படல" என்றார் தீனதயாளன். "ஆனா இந்தப் பிள்ளைங்களுக்குத் தோல்வின்னா என்னன்னே தெரியாம வச்சிருக்கோம். அது எவ்வளவு பெரிய விஷயம்? பொதுத்தேர்வு எழுதணும்னா கிளியை ஒப்படைச்சிடணும். ஒப்படைச்சா திரும்பக் கிடைக்காது. நிறைவுச் சான்றும் கிடையாது, பொட்டலக் கூடமும் கிடையாது. பெயிலாயிட்டா இந்தப் பொண்ணு எங்க போவா?"

"பெயிலான பிள்ளை திரும்ப எழுதும் சார். நம்ம ஊர்ல யாரு பெயிலாகல? நானே பன்னெண்டாவதுல பிசிக்ஸ்ல போனேன். நீங்க குடுக்கிற அட்டைய வாங்கிட்டா, அதுக்கப்புறம் அவளுக்கு யாரும் எதையும் சொல்லிக்குடுக்க வேண்டாம். முடிஞ்சுதுன்னு எழுதிக் கையில குடுத்துருதீங்க. பதினாறு வயசுல என்ன முடிஞ்சுது அவளுக்கு?"

அவர் பர்வீனைப் பார்த்தார். பர்வீன் திரையைப் படித்தார். "ஒன்பது வருஷத்துல ஜெசிந்தாகிட்ட கேட்ட கேள்விகள் நாற்பத்தோராயிரம். எல்லாமே பச்சை." திரையை இன்னும் கீழே நகர்த்தினார். "கிளி சொல்றதுக்கு முன்னாடி அவங்களா சொன்ன பதில், பூஜ்யம்."

"ஒண்ணுகூடவா?" என்றார் விக்டோரியா.

"ஒண்ணுகூட இல்லம்மா."

"அதனாலதான் சொல்றேன்" என்றார் தீனதயாளன். "உதவி இல்லாம இவங்களால முடியாதுன்னு இதுவே காட்டுது."

"அவளையே கேளுங்க" என்றேன். "இப்பவே, கிளி இல்லாம. சொல்லிட்டான்னா தேர்வு எழுத விடுங்க. இல்லன்னா எனக்கு என்ன தண்டனையோ குடுங்க."

ஜெசிந்தா கிளியைக் கழற்றிப் பிஸ்கட் தட்டில் வைத்தாள். தீனதயாளன் பத்தாம் வகுப்புப் புத்தகத்தைப் புரட்டினார். அவருக்கும் மனசில்லை, சின்னதாக ஒன்றைத் தேடிப் பிடித்தார்.

"மைனஸ் ஏழோட பத்தைக் கூட்டினா எவ்வளவும்மா?"

 ஜெசிந்தா மேஜையைப் பார்த்தாள். உதடு அசைந்தது. அவளுக்குத் தெரியும், நேற்றுதான் போட்டோம். விக்டோரியா முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார். தீனதயாளன் பேனாவை எடுத்துவிட்டார், எழுதப் போகிறார், முடியாது என்று எழுதப் போகிறார்.

"மூணு" என்றது ஒரு குரல்.

என் குரல்தான். வாயிலிருந்து விழுந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

ஜெசிந்தா என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையை நான் மறக்கவே முடியாது. கிளியைப் பிடுங்கியபோதுகூட அவள் என்னை அப்படிப் பார்க்கவில்லை. "நான் சொல்ல இருந்தேன் டீச்சர்" என்றாள்.

 தட்டில் கிடந்த கிளி பதிந்ததைப் பர்வீன் திரையில் பார்த்து, "நாலு புள்ளி ஒண்ணு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"என்னது?" என்று கேட்டார் தீனதயாளன்.

"மேடம் பேசினது. கேள்வி முடிஞ்சு நாலு புள்ளி ஒரு நொடி."  "சார், அந்த நாலு நொடி பிள்ளைங்களை அளந்து எடுத்தது இல்ல. நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறாங்க. டீச்சர்களை அளந்து எடுத்தது. கிளியைப் பழக்கினப்ப அறுநூறு வகுப்பறையில கேமரா வச்சுப் பதிவு பண்ணினாங்க. கேள்வி கேட்டு எத்தனை நொடியில டீச்சர் பொறுமை போய்த் தானே பதிலை எடுத்துக் குடுக்குறாங்கன்னு பார்த்தாங்க. சராசரி நாலு. கிளி அதைத்தான் கத்துக்கிச்சு."

கேமரா. என் வகுப்பிலும், பலகைக்கு மேலே, டியூப் லைட் பக்கத்தில், ஒரு வருடம் முழுக்க இருந்தது. பதின்மூன்று வருடங்களுக்கு முன்னால். ஆய்வுக்கு ஒத்துழைத்ததற்காக எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். சட்டம் போட்டு வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன்.

ஆக, அந்தப் பெண்ணின் காதுக்குள் ஒன்பது வருடமாகப் பேசிக்கொண்டிருந்தது நான்தான். நானும் என்னைப் போல இன்னும் அறுநூறு பேரும். கிளி பாவம், அதற்கு என்ன தெரியும். எங்களுக்குக் காத்திருக்கத் தெரியாததைப் பிள்ளைக்கு பதில் தெரியாது என்று கணக்கெழுதிவிட்டோம்.

"கேட்ட கேள்விக்கு அவ பதில் சொல்லல" என்றார் தீனதயாளன் மெதுவாக. "விதிப்படி நான்..."

"வேற கேளுங்க."

ஜெசிந்தா எழுந்து நின்றிருந்தாள். பிறகு எங்கள் ஒவ்வொருவரையும் விரல் நீட்டிக் காட்டினாள். என்னை, அவள் அம்மாவை, பர்வீனை, கடைசியில் அதிகாரியை. "யாரும் பேசக் கூடாது."

தீனதயாளன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். இந்த முறை சின்னதாகத் தேடவில்லை. "மைனஸ் பன்னெண்டுல இருந்து அஞ்சைக் கழிச்சா?"

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். கதையாகச் சொல்லவில்லை, பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்தேன். நான்கு நொடி போனது. ஏழு. தீனதயாளனுக்கு வாய் திறந்தது, அவரே மூடிக்கொண்டார். வெளியே யாரோ பைக்கை உதைத்துக் கிளப்பினார்கள். பதினொன்று.

"மைனஸ் ஏழு" என்றாள்.

தப்பு. தீனதயாளன் என்னைப் பார்த்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"இல்ல. இருங்க." ஜெசிந்தாவின் கை மேஜைக்குக் கீழே இறங்கியது. யார்டில் பெட்டிகளின் பக்கம் நிற்பதுபோல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். இன்னும் ஒன்பது நொடி. "கழிச்சா இன்னும் குளிரும். மைனஸ் பதினேழு."

யாரும் கைதட்டவில்லை. பச்சை விளக்கும் எரியவில்லை. பர்வீன் மட்டும் திரையில் பூஜ்யம் இருந்த இடத்தில் ஒன்று என்று அடித்தார்.

தீனதயாளன் கிளியை ஒப்படைக்கும் படிவத்தை எடுத்து விக்டோரியாவின் முன்னால் வைத்தார். "நல்லா யோசிச்சுக்குங்கம்மா. இதுல கையெழுத்துப் போட்டா திரும்பி வர வழி இல்ல."

விக்டோரியா படிவத்தைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார். "நீ என்ன படிக்கணும்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அன்று நடந்ததிலேயே நீளமான அமைதி அதுதான்.

"ஐஸ்கிரீம் பொட்டி நின்னு போச்சுன்னா அப்பா போன் போடுவாக. ஒரு அண்ணன் வந்து சரி பண்ணுவான்" என்றாள் ஜெசிந்தா. "அந்தப் படிப்பு."

விக்டோரியா பேனாவைக் கேட்டு வாங்கினார். கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் என்னிடம், "இது தப்பாப் போச்சுன்னா ஒங்கள விடமாட்டேன் டீச்சர்" என்றார். சரி என்றேன். என் பணிப்பதிவேட்டில் அனுமதியின்றி நடந்துகொண்டதற்காகக் கண்டிப்பு என்று ஒரு வரி ஏறியது. அதுவும் உண்மைதான்.

பிறகு ஐந்து மாதம். உதவியே கூடாது என்று நான் என்றைக்கும் சொன்னதில்லை. தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்டுச் சண்டை போட்டு வாங்கினேன், பெரிய எழுத்தில் வினாத்தாளும் வாங்கினேன். வகுப்பில் பிள்ளைகளும் பழகிக்கொண்டார்கள். ஜெசிந்தா எழுந்தால் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். அந்த அமைதியில் வேறு சில பிள்ளைகளும் யோசிக்க ஆரம்பித்தார்கள் என்பது எனக்குக் கிடைத்த இலவசம். ஐம்பதுக்கு ஏழு மார்க் பதினொன்று ஆனது, பிறகு எட்டுக்கு இறங்கியது, பிறகு பதினாறு. அழுத நாட்களும் உண்டு. அழுது முடித்துவிட்டு மறுபடி போடுவாள்.

மே மாதம் முடிவு வந்தது. தமிழில் நாற்பத்தொன்று, ஆங்கிலத்தில் முப்பத்தைந்து, அறிவியலில் நாற்பது, சமூக அறிவியலில் முப்பத்தேழு. கணக்கில் இருபத்தொன்பது. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து வேண்டும். என் பாடத்தில்தான் பெயில்.

அவர்கள் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தேன். விக்டோரியா விடமாட்டேன் என்று சொன்னது நினைவில் இருந்தது. தெருமுனையில் திரும்பினால், அவர் ஒரு பெரிய அட்டைப் பெட்டியோடு வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். பெட்டி நிறைய மக்ரூன், எங்கள் ஊர் முந்திரி இனிப்பு. எதிர்வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டே, "பாப்பா பாஸா?" என்று கேட்டார்.

"கணக்குல பெயிலு" என்றார் விக்டோரியா, தெருவுக்கே கேட்கும்படி. "எடுத்துக்கிடுங்க, இன்னொண்ணு எடுத்துக்கிடுங்க."

என்னைப் பார்த்ததும் பெட்டியை நீட்டினார். "ஒம்பது வருசம் எல்லாத்துலயும் நூத்துக்கு நூறு வாங்குனா டீச்சர். ஒரு நாளு மிட்டாய் வாங்கணும்னு தோணல. இந்த இருவத்தொம்பது எம்பிள்ள மார்க்கு. வாங்க, ஒங்களத்தான் தேடிக்கிட்டுக் கெடக்கா."

உள்ளே ஜெசிந்தா தையல் மிஷின் மேல் வினாத்தாளை விரித்து வைத்திருந்தாள். ரிப்பன் நேர்த்தியாகக் கட்டியிருந்தது. அழுத தடம் கண்ணில் இருந்தது, ஆனால் கையில் பென்சிலும் இருந்தது.

"மறுதேர்வு எப்ப டீச்சர்?"

"ஜூன் இருபத்தாறு."

தலையாட்டினாள். வினாத்தாளை என் பக்கம் தள்ளினாள். "எது எது தப்பு?"

தேர்வு முடிந்த அன்றே, தான் போட்டதை வினாத்தாள் ஓரத்தில் எழுதி என்னிடம் காட்டியிருந்தாள். ஒன்பதாவது கணக்கைத் தொட்டுக் காட்டினேன். "இதுல. எந்த எடத்துல தப்பு விட்டன்னு நீயே பாரு."

அவள் குனிந்து பார்த்தாள். மூன்றாம் நொடியில் விக்டோரியாவின் வாய் திறந்தது. திறந்த வாயில் சட்டென்று ஒரு மக்ரூனை எடுத்துப் போட்டுக்கொண்டார். எனக்கும் நாக்கு அரித்தது, நானும் ஒன்றைப் போட்டுக்கொண்டேன். மக்ரூன் வாயில் வைத்த உடனே கரைந்துவிடுகிறது, ஆளுக்கு மூன்று தின்ன வேண்டியதாயிற்று.

"இங்கன" என்றாள் ஜெசிந்தா. "கூட்டணும். கழிச்சிட்டேன்."